பட்டணத்து வெளிச்சத்தில் இரட்டை நட்சத்திரங்கள்: பினாங்கு, கோலாலம்பூர் நண்பர்களுக்கு

ஆயர் ஈத்தாம் வாசி

வணக்கம். "தாமான் வீட்டில் இருக்கிறேன், நாலு பக்கமும் தெருவிளக்கு, தொலைநோக்கி வாங்கிப் பயன் உண்டா?" என்று இங்கே அடிக்கடி யாராவது கேட்கிறார்கள். கேமரன் மலைக்குப் போ, தாமான் நெகாராவுக்குப் போ என்று உடனே பதில் வருகிறது. வேலைக்குப் போகிறவர், பிள்ளைகளை டியூஷனுக்கு ஏற்றி இறக்குகிறவர், எத்தனை தடவை மலையேற முடியும்? தெருவிளக்கு எரிய எரிய, முழுநிலவு அன்றைக்கும், வீட்டு வாசலில் நின்றே பார்க்கக்கூடியவை இரட்டை நட்சத்திரங்கள், அதாவது கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்து தொலைநோக்கியில் இரண்டாகப் பிரிபவை. அவற்றுக்காகத்தான் இந்த இழை.

காரணம் எளிது. கேலக்சியும் நெபுலாவும் ஒளி பரந்து கிடப்பவை. வானம் வெளுத்தால் அதிலேயே கரைந்துவிடும். நட்சத்திரமோ புள்ளி. உருப்பெருக்கத்தைக் கூட்டக் கூட்டப் பின்னணி வானம் இருளும், புள்ளியின் ஒளி பெரிதாகக் குறையாது. அதனால் ஜோர்ஜ் டவுன் நடுவில் நின்றாலும் நல்ல ஜோடிகள் கிடைக்கும்.

நமக்கு இன்னொரு கொடுப்பினை உண்டு. பினாங்கு பூமத்திய ரேகைக்கு வடக்கே சுமார் ஐந்தரை டிகிரி, கோலாலம்பூர் சுமார் மூன்று. லண்டனில் இருப்பவர் தென்வானத்து ஆல்பா சென்டாரியை ஊரை விட்டுப் போகாமல் பார்க்கவே முடியாது. சிட்னியில் இருப்பவருக்கு அருந்ததி-வசிஷ்டர் அடிவானத்தைத் தொட்டும் தொடாமலும் போய்விடும். நாம் இரண்டையும் ஒரே ராத்திரியில், ஒரே இடத்தில் நின்று பார்க்கிறோம்.

மே மாத நடுவில் இரவு 11 மணிக்கு வெளியே வாருங்கள். வடக்கே ஏறத்தாழ 40 டிகிரி உயரத்தில் வசிஷ்டர், அதாவது மிஸார். தெற்கே தென்சிலுவை, அதன் அடியில் அக்ரக்ஸ். அதற்குக் கிழக்கே ஆல்பா சென்டாரி. உச்சந்தலைக்கு மேலே, கொஞ்சம் மேற்கே சாய்ந்து, கன்னி ராசியில் போரிமா. நான்குமே இரட்டைகள்.

அளவு தெரியாதவர்களுக்கு: ஒரு டிகிரியை 3600 பங்காக்கினால் ஒரு பங்கு ஓர் ஆர்க்செகண்ட். முழுநிலவின் அகலம் சுமார் 1800 ஆர்க்செகண்ட். மிஸாரின் இரண்டு நட்சத்திரங்களுக்கு இடையே 14 சொச்சம். அக்ரக்ஸில் 4. போரிமாவில் மூன்றுக்குச் சற்று மேல்.

ஆல்பா சென்டாரி இரட்டை என்று முதலில் கண்டவர் ழான் ரிஷோ என்ற பாதிரியார். 1689 டிசம்பரில், ஒரு வால்மீனைப் பார்த்துக்கொண்டிருந்தபோது கண்டார். எங்கே இருந்து தெரியுமா? புதுச்சேரியிலிருந்து. நம் தாத்தா பாட்டிமார் கப்பலேறிய அந்தக் கரையில்தான், சூரியனுக்கு மிக அருகில் இருக்கும் நட்சத்திரக் குடும்பத்தின் இந்த உண்மை முதலில் தெரியவந்தது. இதை நம் பள்ளிப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை என்பது எனக்குப் பெரிய ஆதங்கம்.

யார் யார் பார்க்கிறீர்கள், என்ன கருவி, எங்கே நிற்கிறீர்கள்? எழுதுங்கள்.

செந்தூல் புதியவன்

அண்ணே வணக்கம். செந்தூலில் அடுக்குமாடி, பதினோராவது மாடி, பால்கனி தெற்கே பார்த்தது. 114 மில்லிமீட்டர் நியூட்டோனியன், அதாவது கண்ணாடி வைத்த தொலைநோக்கி, குவியத் தூரம் 900. கூடவே ஈக்குவட்டோரியல் மவுண்ட், வானத்தின் சுழற்சியோடு திரும்பும் தாங்கி, கொடுத்தார்கள். கையேட்டில் வடதுருவ நட்சத்திரத்தைப் பார்த்து, ஊரின் அட்சரேகைக்கு ஏற்றபடி மவுண்டைச் சாய்க்கச் சொல்கிறது. என் மவுண்ட் 20 டிகிரிக்குக் கீழே இறங்கவே மாட்டேன் என்கிறது. வடதுருவ நட்சத்திரமும் தெரியவில்லை. கருவியில் கோளாறா?

கெப்போங் எட்டு இன்ச்

கோளாறு இல்லை தம்பி. இந்த மவுண்டுகளை ஐரோப்பா, அமெரிக்கா, ஜப்பானை மனதில் வைத்துச் செய்கிறார்கள். நம் ஊரில் துருவ அச்சு ஏறத்தாழ படுத்தே கிடக்க வேண்டும். அந்த அளவுக்கு இறக்கினால் எதிர்எடைத் தண்டு முக்காலியின் காலில் போய் இடிக்கும். வடதுருவ நட்சத்திரம் கோலாலம்பூரில் மூன்று டிகிரி உயரம், முன்னால் நிற்கும் கட்டடமே அதை மறைத்துவிடும். முக்காலியின் ஒரு காலைக் குட்டையாக்கிச் சாய்க்கச் சொல்லும் காணொளிகளைப் பார்த்து முயலாதே. பதினோராவது மாடி பால்கனியில் அது வேண்டாம்.

இரட்டை பார்க்க, நட்சத்திரத்தைத் தொடர்ந்து திருப்பும் மவுண்டோ மோட்டாரோ தேவையே இல்லை. 150 மடங்கு உருப்பெருக்கம், சாதாரண ஐபீஸ் (கண் வைத்துப் பார்க்கும் வில்லை) என்றால் உன் பார்வை வட்டம் சுமார் 1200 ஆர்க்செகண்ட். வானம் விநாடிக்கு 15 ஆர்க்செகண்ட் நகர்கிறது. ஒரு நட்சத்திரம் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போக ஒரு நிமிஷத்துக்கு மேல் ஆகும். பார்த்துவிட்டு லேசாகத் தள்ளு, மறுபடி பார். நான் கையால் தள்ளித் திருப்பும் எட்டு இன்ச் டாப்சோனியனில் இத்தனை காலமும் அப்படித்தான் பார்க்கிறேன். மேல்கீழ், பக்கவாட்டு என்று மட்டும் அசையும் எளிய மவுண்ட் கிடைத்தால் குழலை அதில் மாற்றிக்கொள்.

குவியத் தூரம் 900 என்கிறாய், குழலும் கிட்டத்தட்ட அந்த நீளம் இருக்கிறதுதானே? 114 என்றும் 1000 என்றும் ஒட்டியிருந்து, குழல் மட்டும் அரை மீட்டர்தான் இருக்கும் சில கருவிகள் விற்பனைக்கு வருகின்றன. ஃபோக்கஸர் குழாய்க்குள்ளே ஒரு வில்லையை வைத்து நீளத்தை ஏமாற்றியிருப்பார்கள். அதில் கண்ணாடிகளை நேராக்குவது பெரும்பாடு, நெருங்கிய ஜோடி பிரியவே பிரியாது. வாங்கப் போகிறவர்கள் யாராவது இதைப் படித்தால் கவனிக்கவும்.

இன்னொன்று. குழலை ஏர்கோன் அறையில் வைக்காதே. குளிர்ந்த கண்ணாடியை நம் ஊர் ஈரக் காற்றில் கொண்டுவந்தால் உடனே வியர்த்துவிடும், துடைத்தால் கீறும். ஐபீஸ்களை டிரை பாக்ஸில் போட்டு வை, பூஞ்சை ஏறினால் பூச்சையே அரித்துவிடும்.

செந்தூல் புதியவன்

குழல் நீளம்தான் அண்ணே. ரொம்ப நன்றி. நேற்றுவரை மவுண்ட் உடைந்துவிட்டது என்றே நினைத்திருந்தேன்.

பத்துமலைவாசி

ஆயர் ஈத்தாம் ஐயா ஆர்வமாக எழுதுகிறார், மறுக்கவில்லை. ஆனால் மனதில் பட்டதைக் கேட்கிறேன். சனிக்கோளின் வளையத்தைப் பார்த்தால் பிள்ளைகள் கத்துகிறார்கள். நிலவைக் காட்டினால் அம்மாவே எழுந்து வருகிறார். இரட்டை நட்சத்திரம் என்றால் இரண்டு புள்ளி. பார்த்தாச்சு, அடுத்து என்ன? இதற்காக ராத்திரி தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள என்ன இருக்கிறது?

ஆயர் ஈத்தாம் வாசி

நல்ல கேள்வி. கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

வானத்தில் கோள்களும் நிலவும் நகர்வது நமக்குத் தெரியும். நட்சத்திரங்கள் அப்படியே நிற்பதாகத்தான் நம் கண்ணுக்குப் படுகிறது. கண்ணகி காலத்துத் தென்சிலுவையும் இன்றைய தென்சிலுவையும் நமக்கு ஒன்றுதான். ஒரு நட்சத்திரம் இன்னொன்றைச் சுற்றி நகர்வதை ஒரு மனிதன் தன் ஆயுளுக்குள், தன் வீட்டு வாசலிலிருந்து, தன் கண்ணால் பார்க்க முடியும் என்றால் அது இரட்டைகளில் மட்டும்தான்.

போரிமாவை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஏறத்தாழ ஒரே பொலிவு, ஒன்றையொன்று 169 வருஷத்தில் ஒருமுறை சுற்றுகின்றன. பாதை நீள்வட்டம், அதுவும் மிகவும் ஒடுங்கியது. 2005-இல் இரண்டும் மிக நெருங்கி, இடைவெளி 0.4 ஆர்க்செகண்ட்டுக்கு வந்துவிட்டது. வீட்டுத் தொலைநோக்கிகளில் ஒரே புள்ளி. இன்று மூன்றுக்கு மேல், 114 மில்லிமீட்டரில் 100 மடங்கில் பிரிகிறது. 2005-இல் பிறந்த பிள்ளை இப்போது காலேஜில் படிக்கும். அந்தப் பிள்ளையின் வயசுக்குள் இந்த மாற்றம் நடந்திருக்கிறது.

ஆல்பா சென்டாரி இன்னும் வேகம். சுற்றுக்காலம் ஏறத்தாழ 80 வருஷம், ஒரு மனித ஆயுள். 2016 வாக்கில் 4 ஆர்க்செகண்ட் வரை நெருங்கித் தெரிந்தன, அதன்பின் விலகி வருகின்றன. இன்னும் சில வருஷங்களில் பத்துவரை போய் மறுபடி நெருங்கத் தொடங்கும். 2035-இல் சுற்றுப்பாதையில் மிக அருகே வரும்போது இரண்டுக்கும் இடையே இருக்கும் தூரம், சூரியனுக்கும் நமக்கும் உள்ள தூரத்தைப் போல 11 மடங்குதான். சனிக்கோளின் பாதையைவிடக் கொஞ்சம் கூடுதல். அந்த இடைவெளியில் இரண்டு சூரியன்கள்.

வானியலாளர் வில்லியம் ஹெர்ஷல் இதைத் தேடிப் போகவில்லை. ஒரே நேர்க்கோட்டில் தற்செயலாக அமைந்த ஜோடிகளை வைத்து நட்சத்திர தூரத்தை அளக்கலாம் என்றுதான் அவர் பட்டியல் போட ஆரம்பித்தார். மிதுன ராசியின் காஸ்டர் என்ற ஜோடியை இருபது வருஷத்துக்கு மேல் பார்த்த பிறகு, 1803-இல், இவை ஒன்றையொன்று சுற்றுகின்றன என்று அறிவித்தார். நியூட்டனின் ஈர்ப்பு விதி சூரிய மண்டலத்துக்கு வெளியேயும் செல்லும் என்பதற்கு முதல் சாட்சி அந்த இரண்டு புள்ளிதான். நட்சத்திரங்களின் நிறையை நேரடியாக அறிய இன்றும் முதல் வழி இரட்டைகளின் சுற்றுப்பாதை.

உங்கள் அம்மாவுக்கு நிலவைக் காட்டுங்கள், நானும் காட்டுவேன். அடுத்த முறை அல்பிரியோ என்ற இரட்டையையும் காட்டிப் பாருங்கள். ஒன்று பொன்நிறம், ஒன்று நீலம். 36 மடங்கே போதும். ஃபோக்கஸை ஒரு நூல் அளவு கலைத்தால் நிறம் இன்னும் நன்றாகத் தெரியும்.

பத்துமலைவாசி

போரிமா விஷயம் எனக்குத் தெரியாது. படித்ததும் மனம் கொஞ்சம் மாறுகிறது ஐயா. ஆனால் அல்பிரியோ உண்மையிலேயே ஜோடியா, இல்லை நேர்க்கோட்டில் நிற்பவையா?

கெப்போங் எட்டு இன்ச்

அதில் இன்னும் சர்ச்சை இருக்கிறது. இரண்டுக்கும் இடையே சுமார் 35 ஆர்க்செகண்ட். கையா விண்கலம் அளந்த தூரங்களும் நகர்ச்சியும் சரியாக ஒத்துப்போகவில்லை, தற்செயல் ஜோடியாக இருக்கலாம் என்று பலர் சொல்கிறார்கள். பிரகாசமான நட்சத்திரங்களுக்குக் கையாவின் அளவீட்டில் பிழை கூடுதல் என்பதால் முடிவாகச் சொல்லவும் முடியவில்லை. அழகுக்கு அல்பிரியோ, சுற்றுப்பாதைக்குப் போரிமா. நான் அப்படித்தான் பிரித்து வைத்திருக்கிறேன்.

இந்த இழையில் ஒரு பெயரைச் சேர்க்க வேண்டும். 70 ஓபியூகி. ஜூலையில் நம் தலைக்கு மேலேயே வரும். சுற்றுக்காலம் 88 வருஷம், தூரம் 17 ஒளியாண்டுக்கும் குறைவு. 1855-இல் சென்னை வானாய்வகத்தின் தலைவராக இருந்த ஜேக்கப், இந்த ஜோடியின் பாதை கணக்குக்கு ஒத்துவராததைக் கண்டு, கண்ணுக்குத் தெரியாத கோள் ஒன்று அங்கே இருக்கலாம் என்று எழுதினார். அந்தக் கோள் பின்னாளில் நிலைக்கவில்லை. ஆனால் வேறு நட்சத்திரத்தைச் சுற்றும் கோளை அளவீட்டிலிருந்து தேடும் முயற்சி நுங்கம்பாக்கத்தில் நடந்திருக்கிறது.

பட்டர்வொர்த் ஆசிரியை

வணக்கம். தமிழ்ப்பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன், வானியல் கழகத்தையும் நான்தான் பார்த்துக்கொள்கிறேன்.

கல்யாணத்தில் அம்மி மிதித்து அருந்ததி பார்க்கச் சொல்வார்கள். மண்டபத்தில் பட்டப்பகலில் ஐயர் கையை நீட்டுவார், மணமக்களும் தலையாட்டுவார்கள். போன வருஷம் என் தங்கை மகள் கல்யாணத்தில் இரவு விருந்து முடிந்ததும் மணமக்களை மண்டபத்துக்குப் பின்னால் கார் நிறுத்துமிடத்துக்கு அழைத்துப்போய்க் காட்டினேன். வெறும் கண்ணுக்கே இரண்டும் தெரிந்தன. தொலைநோக்கியில் வைத்ததும் வசிஷ்டரே இரண்டாகப் பிரிந்தார். வரிசையில் நின்ற பெரியவர்கள் ஒவ்வொருவரும் இரண்டாம் தடவை பார்க்கக் கேட்டார்கள்.

தொலைநோக்கியில் பார்க்கும்போது அருந்ததிக்கும் வசிஷ்டருக்கும் ஒரு பக்கமாக மங்கலான மூன்றாவது நட்சத்திரம் ஒன்று முக்கோணமாக நிற்கும். 1722-இல் ஜெர்மனியில் ஒருவர் அதைப் புதிய கோள் என்று நம்பித் தன் அரசர் லுட்விக்கின் பெயரையே வைத்துவிட்டார். அது வெகுதொலைவில் இருக்கும் சாதாரண நட்சத்திரம்தான். வசிஷ்டரோ 1857-இல் ஹார்வர்டில் புகைப்படமெடுக்கப்பட்ட முதல் இரட்டை. பிறகு நிறமாலையில் பார்த்தபோது அந்த இரண்டுமே தனித்தனியே இரட்டைகள் என்று தெரிந்தது. அருந்ததிக்கும் ஒரு மங்கலான துணை இருப்பது 2009-இல் தெரியவந்தது. கூட்டினால் ஆறு.

மாணவர்களுக்காக நான் வேறு ஒன்று செய்கிறேன். அவரவர் பிறந்த நட்சத்திரத்தில் இரட்டை இருக்கிறதா என்று தேடச் சொல்வேன். அசுவினியில் காமா ஏரியட்டிஸ், அச்சில் வார்த்ததுபோல் இரண்டு வெள்ளைப் புள்ளி, இடைவெளி ஏழரை ஆர்க்செகண்ட். 1664-இல் ராபர்ட் ஹூக் வால்மீன் ஒன்றைத் தொடர்ந்து போகும்போது கண்டது, ரிஷோவைப் போலவே. மிருகசீரிடத்தில் லாம்டா ஓரியானிஸ், நாலு சொச்சம். புனர்பூசம்தான் ஐயா சொன்ன காஸ்டர், இப்போது ஐந்துக்குச் சற்று மேல். விசாகத்தில் ஆல்பா லிப்ரே, பைனாகுலரே போதும். அனுஷத்தில் பீட்டா ஸ்கார்பியை, பதின்மூன்று, எந்தச் சின்னக் கருவிக்கும் கிடைக்கும். அவிட்டத்தில் காமா டெல்பினி, ஒன்பது, மஞ்சள் ஜோடி. ரேவதியில் ஸீட்டா பிசியம், 23. கேட்டைக்காரர்களுக்குத்தான் சிரமம். அண்டாரஸின் துணை மூன்று ஆர்க்செகண்ட்டுக்குள் ஒட்டிக்கொண்டு, சிவப்பு ஒளியில் அமுங்கிக் கிடக்கும். சித்திரையில் பிறந்த பையன் ஒருவன் தன்னுடையது பிரியவில்லை என்று முகம் வாடினான். ஸ்பைக்காவும் இரட்டைதான், நான்கே நாளில் சுற்றுகிறது, அவ்வளவு நெருக்கம் என்பதால் எந்த வீட்டுத் தொலைநோக்கியிலும் பிரியாது என்றேன். மறுநாள் வகுப்பு முழுவதும் அதைச் சொல்லித் திரிந்தான்.

ஜாதகம் பற்றி நான் எதுவும் பேசுவதில்லை. ஆனால் பிள்ளைக்குத் தன் நட்சத்திரத்தின் பெயர் வீட்டிலேயே தெரிந்திருக்கிறது. அந்தப் பெயரைப் பிடித்து வானத்துக்கு ஏற்றிவிடுவது மிகச் சுலபம்.

ஆயர் ஈத்தாம் வாசி

டீச்சர், இந்தப் பட்டியலை மேலே ஒட்டிவைக்க நிர்வாகியைக் கேட்கிறேன். என் நட்சத்திரம் அனுஷம், இத்தனை வருஷம் பீட்டா ஸ்கார்பியை பார்த்தும் இப்படி யோசிக்கவில்லை.

செந்தூல் புதியவன்

நேற்று ராத்திரி முயன்றேன். ஆல்பா சென்டாரி 90 மடங்கில் பிரிந்தது! இரண்டும் மஞ்சள், ஒன்று கொஞ்சம் மங்கல். கீழே அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அக்ரக்ஸ்தான் படுத்துகிறது. கொதிக்கும் எண்ணெய் மாதிரி ஒரே கொந்தளிப்பு, மேலே நீலம் கீழே சிவப்பு என்று வேறு தெரிகிறது. நீலமும் சிவப்பும் அந்த இரண்டு நட்சத்திரங்களின் நிறமா?

கெப்போங் எட்டு இன்ச்

இல்லை தம்பி, அது காற்றின் வேலை. அக்ரக்ஸ் நம் ஊரில் மிஞ்சிப்போனால் இருபது டிகிரிக்கு மேல் கொஞ்சம் எழும்பும். அந்த உயரத்தில் காற்று மண்டலம் பட்டகமாக வேலை செய்து, ஒவ்வொரு நட்சத்திரத்தையும் நிறங்களாக இழுத்துவிடும். உண்மையில் இரண்டுமே நீலவெள்ளை. தெற்கு நேர்க்கோட்டுக்கு வரும்போது, மே நடுவில் என்றால் பத்தேகால் மணி வாக்கில், பார். அதற்குமேல் உயராது.

கொந்தளிப்புக்கு வேறு காரணமும் உண்டு. உன் பால்கனிக்குக் கீழே எத்தனை ஏர்கோன் கம்ப்ரசர் வெப்பக் காற்றைத் தள்ளுகிறது என்று எட்டிப் பார். பகல் முழுக்க வெயில் குடித்த கான்கிரீட்டும் நள்ளிரவுவரை சூட்டைக் கக்கும். முடிந்தால் கீழே புல்தரையில் இறக்கி வைத்துப் பார், இல்லையென்றால் ஒரு மணிக்குமேல் முயற்சி செய்.

பலரும் நினைப்பதற்கு மாறான ஒன்றும் சொல்கிறேன். சாயங்கால மழை பெய்து வானம் பளிங்குபோலத் தெளிந்த இரவில் ஓடி வருவார்கள். அன்றைக்குத்தான் காற்று துள்ளும், ஜோடி பிரியாது. லேசான புகைமூட்டம், இலை அசையாத புழுக்கமான இரவு, நட்சத்திரம் மின்னாமல் நிற்கிறது, அதுதான் நமக்கு நல்ல நாள். மங்கலான பொருள் தெரியாதுதான், ஆனால் 200 மடங்கு போட்டாலும் நட்சத்திரம் சின்ன வட்டாகவும் அதைச் சுற்றி ஒரு மெல்லிய வளையமாகவும் அசையாமல் நிற்கும். (மூச்சுக்குக் கெடுதலான புகை நாட்களில் வெளியே நிற்காதீர்கள், ஜோடி எங்கும் போய்விடாது.)

எவ்வளவு நெருங்கிய ஜோடிவரை பிரியும் என்ற எல்லை என்ன என்றால், 116-ஐ உன் கண்ணாடியின் மில்லிமீட்டர் விட்டத்தால் வகு. 114-க்கு ஏறத்தாழ ஒரு ஆர்க்செகண்ட். டாவ்ஸ் என்ற ஆங்கிலேயர் பார்த்துப் பார்த்துக் கண்ட கணக்கு. சமமான, மிதமான பொலிவுள்ள ஜோடிக்குத்தான் பொருந்தும். ஒன்று பிரகாசமாகவும் மற்றது மங்கலாகவும் இருந்தால் கணக்கு உதவாது.

ஆயர் ஈத்தாம் வாசி

அந்தக் கடைசி வரிக்கு உதாரணம், இரவு வானத்தின் மிகப் பிரகாசமான நட்சத்திரமான சிரியஸ். அதைப் பற்றி நாம் இருவரும் முன்பே வாதாடியிருக்கிறோம், இங்கேயும் வாதாடலாம்.

ஜெர்மன் வானியலாளர் பெஸல் 1844-இல் சிரியஸின் தள்ளாட்டத்தைப் பார்த்தே கண்ணுக்குத் தெரியாத துணை உண்டு என்றார். 1862 ஜனவரி 31 அன்று தொலைநோக்கி செய்யும் ஆல்வன் கிரஹாம் கிளார்க் 18.5 இன்ச் புது வில்லையைச் சோதிக்கும்போது அதைக் கண்டார். 50 வருஷச் சுற்று, இப்போது இடைவெளி 11 ஆர்க்செகண்ட் அளவில், ஏறத்தாழ உச்சம். இனிமேல் குறையத்தான் போகிறது. ஐரோப்பியர்களுக்குச் சிரியஸ் அடிவானத்துக்குப் பக்கத்தில் துள்ளும். நமக்கு 68 டிகிரி உயரம். உலகத்தில் இதைப் பார்க்க நல்ல இடம் என்றால் நம் நாடும் அதில் ஒன்று. அதனால் எல்லாரும் முயல வேண்டும் என்பது என் கட்சி. ஆறு இன்ச் போதும்.

கெப்போங் எட்டு இன்ச்

இடமும் காலமும் சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் துணையின் ஒளி பத்தாயிரத்தில் ஒரு பங்கு. புதியவர்களை முதலிலேயே அதில் தள்ளினால் மனம் விட்டுவிடுவார்கள். முதலில் ஓரியன் கூட்டத்தின் ரைஜல். அதே மாதிரி பிரகாசமான தாய், ஒன்பதரை ஆர்க்செகண்ட் தள்ளி மங்கலான துணை, ஆனால் நானூறு ஐந்நூறு மடங்கு வித்தியாசம்தான். ரைஜலின் துணை சட்டென்று கண்ணில் படும் இரவில்தான் சிரியஸுக்குத் திரும்புவேன், மற்ற இரவில் நேரத்தை வீணாக்க மாட்டேன்.

அட்டையில் அறுகோணமாக ஓட்டை வெட்டிக் குழலின் வாயில் பொருத்தினால், ஒளிச்சிதறல் ஆறு கதிர்களாக ஒதுங்கும். அட்டையைத் திருப்பித் திருப்பி, துணை இருக்கும் திசையை இரண்டு கதிருக்கு நடுவே கொண்டுவர வேண்டும். இன்னொரு வழி, இருட்டும் முன்பே பார்ப்பது. வானம் இன்னும் நீலமாக இருக்கும்போது சிரியஸின் கண்கூச்சம் குறையும்.

ஆயர் ஈத்தாம் வாசி

ரைஜல் முதலில், சரி. அதை மறுக்க மாட்டேன். ஆனால் தைப்பூசத்தை ஒட்டிய வாரங்களில், வடக்கே வறண்ட காலம், எங்கள் தீவில் வானம் திறந்து கிடக்கும்போது சிரியஸை ஒரு தரமாவது முயலாமல் விடாதீர்கள். அன்று முழுநிலவுதானே என்று யாரும் சொல்ல வேண்டாம், நிலவு இதற்குத் தடையே இல்லை.

பட்டர்வொர்த் ஆசிரியை

கெப்போங் ஐயாவிடம் ஓர் உதவி. மாணவர்கள் பார்த்தால் மட்டும் போதாது, அளக்கவும் வேண்டும் என்று ஆசை. வாஷிங்டன் இரட்டை நட்சத்திரப் பட்டியலில் ஒன்றரை லட்சத்துக்கு மேல் ஜோடிகள் இருக்கின்றன, பல ஜோடிகளை வெகுநாளாக யாரும் அளக்கவில்லை என்று படித்தேன். எங்களிடம் இருப்பது மோட்டார் இல்லாத டாப்சோனியனும் ஆசிரியர்களின் கைப்பேசியும்தான். முடியுமா?

கெப்போங் எட்டு இன்ச்

தாராளமாக முடியும் டீச்சர், மோட்டார் இல்லாததே இதற்கு வசதி.

கைப்பேசியை ஐபீஸில் அசையாமல் பொருத்துங்கள். ஜோடியைப் பார்வை வட்டத்தின் கிழக்கு ஓரத்தில் விட்டுவிட்டு, குழலைத் தொடாமல் காணொளி எடுங்கள். நட்சத்திரம் தானாக மேற்கே நகர்ந்து போகும். அந்த நகர்ச்சிக் கோடுதான் உங்கள் திசைகாட்டி, அதன் நேர்ப் போக்கு மேற்கு. அதே கோடுதான் அளவுகோலும். வான நடுக்கோட்டில், அதாவது பூமத்திய ரேகைக்கு நேர் மேலே ஓடும் கோட்டில், விநாடிக்கு 15.04 ஆர்க்செகண்ட் நகரும். நடுக்கோட்டிலிருந்து விலகிய நட்சத்திரத்துக்கு அதை அந்த விலக்கக் கோணத்தின் கோசைனால் பெருக்க வேண்டும்.

மிஸாரையே எடுங்கள். விலக்கம் 55 டிகிரி, கோசைன் 0.575. ஆக விநாடிக்கு 8.65 ஆர்க்செகண்ட். 100 விநாடியில் படத்தில் 1400 பிக்சல் கடந்தது என்றால், 865 ஆர்க்செகண்ட்டுக்கு 1400 பிக்சல், ஒரு பிக்சலுக்கு 0.62 வருகிறது. இனி ஜோடிக்கு இடையே எத்தனை பிக்சல் என்று எண்ணிப் பெருக்கினால் இடைவெளி. கோணத்தை வடக்கிலிருந்து கிழக்கு நோக்கி எண்ண வேண்டும், வடக்கு 0, கிழக்கு 90. நட்சத்திரம் ஓடிய கோடு 270. எப்போதும் பிரகாசமானதிலிருந்து மங்கலானதை நோக்கி.

ஒரே படச்சட்டத்தை நம்பாதீர்கள். காற்று ஆட்டுவதால் ஒவ்வொன்றும் வேறுபடும். நிறையச் சட்டங்களை அளந்து சராசரி எடுங்கள், ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சராசரி கற்றுக்கொடுக்க இதைவிட நல்ல காரணம் கிடைக்காது. முதலில் விடை தெரிந்த ஜோடிகளில் பழகுங்கள், பிறகு வெகுநாள் அளக்கப்படாதவற்றுக்குப் போகலாம்.

பத்துமலைவாசி

இதைக் கேட்டதும் எனக்கே கை துறுதுறுக்கிறது. அண்ணன் மகனின் தொலைநோக்கி வீட்டில் சும்மா கிடக்கிறது, 80 மில்லிமீட்டர் வில்லை. போரிமா அதில் பிரியுமா?

ஆயர் ஈத்தாம் வாசி

பிரியும். 80-க்கு எல்லை ஒன்றரை ஆர்க்செகண்ட் சுமார், உங்களுக்கு இரண்டு பங்குக்கு மேல் இடம் இருக்கிறது. 100 மடங்குக்குக் குறையாமல் போடுங்கள். தலைக்கு நேர் மேலே வரும்போது குழலைத் திருப்பக் கஷ்டமாக இருக்கும், ஒரு மணி நேரம் முன்னே பின்னே பாருங்கள்.

செந்தூல் புதியவன்

மிஸார் என் பால்கனிக்குத் தெரியாது, அதனால் குழலைக் கீழே விளையாட்டுத் திடலுக்கு இறக்கிக் கொண்டுபோனேன். அக்கா கைப்பேசியைப் பிடித்துக்கொண்டார். கெப்போங் அண்ணன் சொன்னபடியே கணக்குப் போட்டேன். இடைவெளி 14.9, கோணம் 151 வருகிறது. சரியா?

கெப்போங் எட்டு இன்ச்

பட்டியலில் 14 சொச்சமும் 153-உம். முதல் அளவீட்டுக்கு இது மிக நல்ல நெருக்கம் தம்பி, மனதாரப் பாராட்டுகிறேன். சட்டங்களைக் கூட்டினால் இன்னும் ஒட்டி வரும். பத்துமலை நண்பர் கவனத்துக்கு: நியூட்டோனியனில் படம் சுழன்றிருக்குமே தவிர இடவலம் மாறாது. உங்கள் 80 மில்லிமீட்டரில் ஒளியைப் பக்கவாட்டில் திருப்பும் சாய்வுக் கண்ணாடி, அதாவது டயகனல், மாட்டியிருந்தால் இடவலம் மாறிவிடும். அளக்கும் முன் படத்தைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் கிழக்கு மேற்காகிவிடும்.

பத்துமலைவாசி

டயகனல் இருக்கிறது. திருப்பிவிட்டுத்தான் அளப்பேன். சனிக்கிழமை வானம் திறந்தால் போரிமா, முடிவை இங்கேயே போடுகிறேன்.